புதுப்பிப்பு: ஓஆர்எம்மிலிருந்து எஸ்கியூஎல்சிக்கு

கோ மொழியில் உள்ள எங்கள் கிடங்குக் கணக்கு நிரலில் ஓஆர்எம்மை விட்டு எஸ்கியூஎல்சிக்கு மாறலாமா என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். மாறிவிட்டோம். (ஓஆர்எம், தரவுத்தள வினவல்களை நமக்காகத் தானே எழுதும் நூலகம்; எஸ்கியூஎல்சி, தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லில் நாம் எழுதும் வினவல்களிலிருந்து கோ நிரலை உருவாக்கும் கருவி.)

வினவலை எஸ்கியூஎல்லிலேயே எழுதி, அதன் தலையில் ஒரு கமெண்ட் வரியில் பெயரையும், கிடைப்பது ஒரு வரிசையா பலவா என்பதையும் குறித்தால் போதும். அட்டவணை வரையறையோடு ஒப்பிட்டு, தரவு வகை பிசகாத கோ நிரலை எஸ்கியூஎல்சியே எழுதித் தருகிறது. அண்மையில் விலை நெடுவரிசையின் பெயரை மாற்றினோம். பழைய பெயரைச் சொன்ன வினவல்கள் அத்தனையும், நிரல் ஓடும் முன்பே, கோப்பு, வரி எண்ணோடு பிடிபட்டன. இது ஒன்றுக்காகவே மாறலாம்.

தலைவலி, பயனர் தேர்ந்தால் மட்டும் சேர வேண்டிய வடிகட்டிகள். வினவலைத் துண்டு துண்டாக ஒட்ட இங்கே வழியில்லை. நீங்கள் சொன்னபடி, 'அளவுரு NULL ஆக (மதிப்பு இல்லாமல்) இருந்தால் அல்லது நெடுவரிசை அதற்குச் சமமானால்' என்று நிபந்தனை வைத்தோம். இரண்டு மூன்று வடிகட்டிகளுக்குச் சரி. கூடினால், எங்கள் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ், தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸைத் தொடாமலே போய்விடக்கூடும். ஆகவே அறிக்கைப் பக்கத்துக்கு மட்டும் வினவலைக் கையால் கட்டுகிறோம்; அழகில்லை, வேகமாக இருக்கிறது.

எஸ்கியூஎல்சி உருவாக்கிய கோப்புகளும் கிட்டில்தான் (நிரலின் பதிப்புகளைக் காக்கும் Git களஞ்சியத்தில்) இருக்கின்றன. யாராவது அவற்றைக் கையால் திருத்தினால், எஸ்கியூஎல்சியின் டிஃப் (வேறுபாடு காட்டும்) கட்டளை பில்டை நிறுத்திவிடும்.