பேஸ்ட்டைத் தூக்கச் சொன்னாங்க, தூக்கினேன்

போன வருஷம் ஒரு பணம் அனுப்புற ஆப், ஃப்ளட்டர்ல (கூகுளோட ஆப் கட்டுற கருவி) பண்ணினோம். கணக்கு எண்ணை ரெண்டு தடவை கேட்கும். ரெண்டாவது பெட்டியில பேஸ்ட் வரக்கூடாது, கையாலதான் அடிக்கணும்னு கிளையன்ட் ஒரே பிடி. நியாயம்தான். தப்பா அடிச்சதையே காப்பி பண்ணிப் போட்டா ரெண்டு தடவை கேட்டு என்ன பிரயோஜனம்?

பெட்டியை அழுத்திப் பிடிச்சா கட், காப்பி, பேஸ்ட்னு ஒரு மெனு வருமே, அதை நாமளே அமைக்க 2023ல ஃப்ளட்டர் 3.7ஓட வந்த காண்டெக்ஸ்ட்மெனுபில்டர் தோது. முன்னாடி இருந்த டூல்பார்ஆப்ஷன்ஸ்ல கட், காப்பி, பேஸ்ட், செலக்ட் ஆல் நாலையும் காட்டலாம், மறைக்கலாம், அவ்வளவுதான். இதுல பட்டன் லிஸ்ட்டே கைக்கு வரும். லிஸ்ட்டுல வேண்டாததை நீக்குற ரிமூவ்வேர் போட்டு பேஸ்ட்டை மட்டும் எடுத்தேன். நாலு வரி வேலை.

டெஸ்டிங்ல இருந்த பொண்ணு போனை வாங்கினா. அழுத்திப் பிடிக்கவே இல்லை. கீபோர்டு மேல ஜிபோர்டு (கூகுளோட கீபோர்டு ஆப்) காப்பி பண்ணின நம்பரை நீட்டிக்கிட்டு இருந்தது. ஒரு தட்டு. பதினாலு இலக்கமும் பெட்டிக்குள்ள.

"அண்ணா, எடுத்துட்டேன்னு சொன்னீங்க?"

பட்டனைத் தூக்கினா பட்டன்தான் போகும். கீபோர்டு அனுப்புற எழுத்தை மெனு தடுக்காது. புளூடூத் கீபோர்டு இருந்தா கண்ட்ரோல் வி-யும் ஓடும். கடைசியில, பெட்டிக்குள்ள வர்ற எழுத்தைச் சோதிக்கிற இன்புட்ஃபார்மேட்டர் எழுதி, ஒரே நேரத்துல ஒண்ணுக்கு மேல இலக்கம் வந்தா ஏத்துக்காத மாதிரி பண்ணினோம். பாஸ்வேர்டு பெட்டியில மட்டும் இந்த வேலையைப் பண்ணாதீங்க. பேஸ்ட்டை அனுமதிக்கச் சொல்லி அமெரிக்காவோட தர நிறுவனமான நிஸ்ட்டோட 2017 வழிகாட்டியிலேயே இருக்கு.

—

அண்ணே, எனக்கு நேர்மாறு. பேஸ்ட்டை வச்சதாலதான் தலைவலி. ஃப்ளட்டர் மெனுவைத் தானே வரையுது. அதனால பேஸ்ட்டைத் தட்டினது யூசர்தான்னு ஐபோனோட ஐஓஎஸ் 16க்குத் தெரியாது. காப்பி பண்ணினது தங்குற கிளிப்போர்டை ஆப் தானாத் தொடுதுன்னு நினைச்சு, ஒட்ட அனுமதிக்கலாமான்னு கேட்கும். "உங்க ஆப் ஏன் வேவு பார்க்குது?"ன்னு ஒருத்தர் ஒரு ஸ்டார் கொடுத்தார். ஒட்டச் சொன்னதே அவர்தான்! ஐபோனோட சொந்த மெனுவையே காட்டுற சிஸ்டம்காண்டெக்ஸ்ட்மெனுவுக்கு மாறினதும் அந்தக் கேள்வி நின்னுச்சு. ஆனா நாங்க மாத்தின சமயத்துல சொந்தப் பட்டன் எதையும் அதுல சேர்க்க முடியலை.

—

நம்ம கதை வேற. ஆண்ட்ராய்டுல ஒரு தமிழ் வாசிப்பு ஆப். எழுத்தைத் தேர்ந்தெடுத்தா வர்ற மெனுவை மாத்துற ஆக்‌ஷன்மோட் கால்பேக்ல "அகராதியில் பொருள் காண்க"ன்னு ஒரு ஐட்டம் சேர்த்தேன். "நகலெடு", "அனைத்தையும் தேர்ந்தெடு" எல்லாம் சேர்ந்து இடத்தைப் பிடிச்சுக்க, என்னுது மூணு புள்ளிக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிச்சு. யார் கண்ணுலயும் படலை. "பொருள்"னு சுருக்கி, அதோட வரிசை எண்ணான ஆர்டரை 0 ஆக்கினதும் முன்னாடி வந்து உட்கார்ந்தது.

அப்புறம்தான் அசல் வேலை. "மரத்திலிருந்து"ன்னு தேர்ந்தெடுத்தா அகராதி கையை விரிக்குது, அதுக்குத் தெரிஞ்சது "மரம்" மட்டும்தான். வேற்றுமை உருபுகளை வெட்டுறதுக்கே ரெண்டு மாசம் போச்சு. "வராதவர்களுக்கெல்லாம்", "சொல்லாமலிருந்ததால்"னு தேடித் தேடி அனுப்பி வைக்கிறார் ஒரு தமிழ் வாத்தியார். இன்னிக்குக் காலையிலயும் மூணு வந்திருக்கு.