ஐந்து வயதுப் பூனை ராசு எங்கள் வீட்டுக்கு வந்த அனுபவம் (ஏற்கெனவே ஒரு பூனையும் நாயும் இருக்கும் வீடு)

"குட்டின்னா பழகிடும், வளர்ந்த பூனையைக் கொண்டாந்தா ஒண்ணு வந்தது ஓடிப்போகும், இல்லேன்னா இருந்தது ஓடிப்போகும்" என்று எங்கள் தெருவில் என்னிடம் சொல்லாதவர் கிடையாது. இரண்டும் ஓடவில்லை. ஆனால் மூன்று மாதம் ஆனது, அதிலும் முதல் நாள் நான் செய்த தப்பைச் சரிசெய்யவே பல வாரம் போனது. இப்போது யாராவது இதே மாதிரி ஒரு பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தால் அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது சேலத்தில், கன்னங்குறிச்சியில். வீட்டில் செல்வி இருக்கிறாள், ஆறு வயதுப் பெண் பூனை, கண் திறந்த கையோடு சாக்கடை ஓரத்திலிருந்து எடுத்து வந்தது, கருத்தடை ஆகிவிட்டது. அப்புறம் மணி, பத்து வயது நாட்டு நாய். ராசு என் பெரியம்மாவின் பூனை. பெரியப்பா ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். அவர் போன பிறகு பெரியம்மாவுக்குப் பேச்சுத்துணை என்று இருந்தது ராசு ஒருவன்தான். போன ஆவணியில் அக்கா அவரைப் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போக முடிவானது. மாமாவுக்கு ஆஸ்துமா, அங்கே பூனை வைத்துக்கொள்ள முடியாது. "நீ எடுத்துக்கிட்டீன்னா நான் நிம்மதியாப் போவேன் கண்ணு" என்றார். அதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை.

காலையில் சோறு வைக்காமல், மூங்கில் கூடையில் பெரியம்மாவின் பழைய நூல் புடவையைப் போட்டு, மேலே துணி மூடி, இருபது கொண்டை ஊசி வளைவும் மடியில் வைத்து இறக்கினேன். வழி முழுக்கச் சத்தமே இல்லை. அடிவாரம் வந்ததும் அடித்த வெயிலுக்கு வாயைத் திறந்து மூச்சு வாங்கினான், நான் பயந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் பாவம், காற்றாடட்டும் என்று ஹாலில் வைத்துக் கூடையைத் திறந்தேன். அதுதான் தப்பு.

செல்வி டிவி ஸ்டாண்டு மேலே இருந்தாள். இரண்டும் அசையாமல் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன, நான் அதை ஆர்வம் என்று நினைத்தேன். கண் சிமிட்டாமல் அப்படிப் பார்ப்பது சண்டைக்கு முந்தின நொடி என்று பிறகுதான் தெரிந்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல் வந்தது, சத்தம் கேட்டு மணி குரைத்துக்கொண்டே உள்ளே ஓடி வந்தான், ராசு ஜன்னல் திரையில் ஏற, திரை கிழிய, விழுந்தவனை நான் கையால் பிடித்தேன். இடது மணிக்கட்டில் கடித்துவிட்டான். பல் பட்ட இடம் ஊசி குத்தின மாதிரி சின்னதாகத்தான் இருந்தது, ஆனால் பூனைப் பல் ஆழமாக இறங்கும், சீழ் பிடிக்கும். தயவுசெய்து இதை யாரும் அலட்சியமாக விடாதீர்கள். குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினேன். அவனுக்கு ரேபிஸ் ஊசி போட்டதற்குச் சீட்டு எதுவும் இல்லை, அதனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் எனக்கு ஊசி போட ஆரம்பித்து, அப்புறம் 3, 7, 28 ஆம் நாள் என்று முடித்தேன். பயந்து போன பூனையைக் கையில் பிடிக்கவே கூடாது, பெரிய துண்டையோ போர்வையையோ மேலே போட வேண்டும்.

மறுநாள் கால்நடை டாக்டரம்மாவிடம் போனோம். "சண்டையை விடுங்க, முதல்ல நோய் இருக்கான்னு பாருங்க" என்றார். ஒரு சொட்டு ரத்தத்தில் பூனை எய்ட்ஸும் லுகேமியா (ரத்தப் புற்றுநோய்) வைரஸும் பார்த்தார், இரண்டும் இல்லை. இந்த எய்ட்ஸ் மனிதருக்கு வராது, ஆனால் ஆழமான கடி மூலமாக ஒரு பூனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் என்பதால் வெளியில் சுற்றிய ஆண் பூனைக்கு இதைப் பார்த்தே ஆக வேண்டும். பூச்சி மருந்து, தடுப்பூசி, இரண்டு வாரம் தனி அறை என்று சொல்லி அனுப்பினார். அந்த வாரமே கருத்தடையும் ஆனது. ஆனாலும் உடம்பில் ஹார்மோன் வடியச் சில வாரம் ஆகும், அதுவரை சுவரில் மூத்திரம் பீய்ச்சத்தான் செய்வான் என்றார், செய்தான். அதற்காகப் பினாயில் ஊற்றித் துடைக்காதீர்கள், அதில் இருக்கும் பீனால் பூனைக்கு விஷம், காலில் பட்டதை நக்கிவிடும். நாங்கள் சோப்புத் தண்ணீரும் சோடா உப்பும்தான் போட்டோம்.

பின்பக்க அறை ராசுவுக்கு என்றானது. அவன் மூன்று நாள் பரண் மேலே பித்தளை அண்டாவுக்குப் பின்னால் இருந்துகொண்டு, ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு மட்டும் இறங்கிச் சாப்பிட்டான். நான் அவனைக் கூப்பிடவே இல்லை. தினமும் அரை மணி நேரம் அந்த அறையில் உட்கார்ந்து பூ கட்டுவேன். நான்காம் நாள் நார் உருண்டையைத் தட்ட இறங்கி வந்தான்.

இங்கேதான் முக்கியமான விஷயம். பூனைக்கு இன்னொரு பூனை என்பது முதலில் ஒரு வாசனை, உருவம் எல்லாம் பிறகுதான். கன்னத்தை நாற்காலிக் காலில், கதவு நிலையில் தேய்த்துத் தேய்த்துத் தன் வீடு என்று எழுதி வைத்திருக்கும். அதற்குள் திடீரென்று தெரியாத வாசனை ஒன்று நடு ஹாலில் குதித்தால் எப்படி இருக்கும்? அதனால் அந்த நூல் புடவையிலிருந்து ஒரு முழம் கிழித்து, ராசுவின் கன்னத்தில் மெதுவாகத் துடைத்து, செல்வியின் தட்டுக்கு இரண்டடி தள்ளி வைத்தேன். முதல் நாள் சீறிவிட்டு, சாப்பிடாமல் போனாள். நான் துணியை ஆறடி தள்ளி வைத்தேன். நான்காம் நாள் கிட்டே வந்து முகர்ந்து, வாயைப் பாதி திறந்தபடி அப்படியே நின்றாள், உதடு லேசாக மேலே சுருங்கியிருந்தது. பார்த்தால் அருவருப்புப் போலத் தெரியும், அப்படி இல்லை, மேலண்ணத்தில் இருக்கும் ஒரு உறுப்பால் அந்த வாசனையை இன்னும் கூர்ந்து படிக்கிறாள். ஆறாம் நாள் அந்தத் துணி மேலேயே படுத்திருந்தாள். செல்வி படுத்த சாக்கை ராசுவின் அறையில் போட்டேன், அவன் ஒரு தடவை முகர்ந்துவிட்டு அதில் உட்கார்ந்துகொண்டான்.

அப்புறம் சாப்பாடு. எங்கள் தரையில் இரண்டடி டைல்ஸ். மூடிய கதவிலிருந்து ஏழாவது டைலில் செல்வியின் தட்டு, அந்தப் பக்கம் ராசுவின் தட்டு, இரண்டிலும் உப்புப் போடாமல் வேகவைத்த மத்தி, ஒரே நேரத்தில். காது பின்னால் மடியாமல் முழுதாகச் சாப்பிட்டால் மறுநாள் ஒரு டைல் முன்னால். சாப்பிடும்போது கதவைத் திரும்பிப் பார்த்தால் ஒரு டைல் பின்னால். ஏழு டைலைக் கடக்கப் பதினெட்டு நாள் ஆனது. கடைசி டைலில் கதவிடுக்கு வழியாக ராசுவின் கை வெளியே வந்தது, செல்வி அதை நகம் நீட்டாமல் தட்டினாள். நான் அடுப்படியில் நின்று அழுதுவிட்டேன்.

அடுத்ததாக என் வீட்டுக்காரர் செவ்வாய்ப்பேட்டையில் கோழி வலை வாங்கி மரச் சட்டத்தில் அடித்து ஒரு கதவு செய்தார். கொசுவலை வேண்டாம், ஒரே கீறலில் கிழியும். வலை மேல் பெட்ஷீட்டைத் தொங்கவிட்டு, தினமும் ஒரு சாண் உயர்த்தினோம். சீறினால் அதட்டக் கூடாது. சீறுவது "கிட்டே வராதே" என்று சொல்வது, அவ்வளவுதான், சொல்லிவிட்டு விலகிப் போகும் பூனை நல்ல பூனை. அதட்டினால், அவனைப் பார்த்தாலே நமக்குத் திட்டு விழுகிறது என்று மனதில் பதிந்துவிடும்.

மணி விஷயம் வேறு. நாய்க்கு ஓடுவதைக் கண்டால் துரத்தத்தான் தோன்றும், கோபமே வேண்டியதில்லை. சாயந்தரம் நன்றாக நடக்கவிட்டு, களைத்த பிறகு கயிற்றோடு வலைக்கு எட்டடி தள்ளிப் படுக்க வைப்போம். ராசுவைப் பார்த்துவிட்டு அவனாகவே முகத்தைத் திருப்பினால் ஒரு துண்டு ஈரல். பத்து வயது, ஏற்கெனவே செல்வியிடம் அறை வாங்கியவன், பத்து நாளில் சரியானான். ஆனால் கொண்டலாம்பட்டியில் என் தோழி வீட்டில் இருப்பது சிப்பிப்பாறை, முயல் துரத்தவே வளர்த்த இனம். ஒரு வருடம் ஆகியும் பூனையோடு அதைத் தனியாக விடுவதில்லை, வெளியே கிளம்பினால் நடுக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் போவாள். அவள் செய்வதுதான் சரி. எந்த நாயாக இருந்தாலும் பூனை ஏறித் தப்பிக்க உயரத்தில் இடம் வேண்டும், எங்களுக்குப் பீரோ மேலும் பரணும் உதவின.

எல்லாம் சரியாகப் போய், இரண்டையும் ஹாலில் ஒன்றாக விட ஆரம்பித்த ஆறாம் நாள், தெருவில் சுற்றும் ஒரு கடுவன் காம்பவுண்டு சுவரில் வந்து உட்கார்ந்து கத்தியது. ஜன்னலில் இருந்த செல்வி வால் புஸ்ஸென்று ஆகி, அதை எட்ட முடியாத கோபத்தில் திரும்பி, சும்மா படுத்திருந்த ராசு மேல் பாய்ந்தாள். காதில் ரத்தம். நடுவில் அட்டைப் பெட்டியைத் தள்ளிப் பிரித்து, ஆளுக்கொரு அறையில் விட்டு இருட்டாக்கினோம். அன்று ராத்திரி, இனி ஆகாது, அக்காவுக்குப் போன் செய்து வேறு இடம் பார்க்கச் சொல்லலாம் என்று கூட நினைத்தேன். டாக்டரம்மாதான், "அவன் மேல கோவம் இல்லம்மா, பக்கத்துல இருந்தான், அவ்வளவுதான். மறுபடி துணியிலிருந்து ஆரம்பிங்க" என்றார். ஜன்னலின் கீழ்ப்பாதிக்குப் பேப்பர் ஒட்டிவிட்டு மறுபடி துணி, மறுபடி டைல். இந்த முறை ஒன்பதே நாளில் முடிந்தது.

ஒரு விஷயம் விட்டுப்போனது. இரண்டு பூனைக்கு மூன்று மணல் சட்டி வைத்தோம், கொத்தனார் வேலைக்கு வாங்குகிற பிளாஸ்டிக் சட்டிதான். மூன்றும் மூன்று இடத்தில். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஒரு பூனை வழியில் உட்கார்ந்து மற்றதைப் போகவிடாது, அது பயந்துபோய்க் கட்டிலிலேயே ஒண்ணுக்கு இருந்துவிடும்.

கார்த்திகைக்குப் பெரியம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். கட்டிலின் கால்மாட்டில் ராசு, தலைமாட்டில் செல்வி, கீழே மணி. நடுவில் ஒரு முழம் இடைவெளி இருக்கிறது. ஒட்டிப் படுப்பதில்லை, நக்கிக்கொள்வதில்லை, அது எனக்கு வேண்டியதும் இல்லை. பெரியம்மா "ராசு" என்று கூப்பிட்டதும் அவன் காது மட்டும் போன் பக்கம் திரும்பியது. அந்தச் சத்தத்துக்குச் செல்வி கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள், மெதுவாக ஒரு தடவை சிமிட்டினாள், மறுபடி தூங்கிவிட்டாள். வலைக் கதவை மட்டும் இன்னும் கழற்றவில்லை, தை பிறந்ததும் பார்க்கலாம் என்று இருக்கிறோம்.