அலைவரிசைக் குத்தகை எழுதி மூன்று வாரம் ஆச்சு, அலைவரிசை ஒதுக்கும் கணினி அமைப்பான எஸ்.ஏ.எஸ். இன்னும் ‘ஜி.ஏ.ஏ.’ என்றே காட்டுது. உதவி தேவை

சோளக்காட்டுக் கோபுரம்:
வணக்கம். அமெரிக்காவில், அயோவா கிராமப்புறத்தில் பண்ணை வீடுகளுக்கு வயர்லெஸ் இணையம் கொடுக்கும் சின்னக் கம்பெனியில் வேலை செய்கிறேன். பலரும் பகிர்ந்துகொள்ளும் 3.5 கிகாஹெர்ட்ஸ் சி.பி.ஆர்.எஸ். அலைவரிசைப் பட்டையில், யாரும் பயன்படுத்தக்கூடிய ஜி.ஏ.ஏ. முறையில்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இன்னொருவர் கோபுரம் போட்டதிலிருந்து சாயங்காலமானால் வேகம் படுத்துவிடுகிறது. அதனால் 2020 ஏலத்தில் எங்கள் கவுண்டிக்கு (மாவட்டம் மாதிரி) முன்னுரிமை லைசென்ஸ், அதாவது பி.ஏ.எல்., எடுத்த ஒரு நிறுவனத்திடம் இரண்டு பி.ஏ.எல். குத்தகைக்கு வாங்கினோம், மொத்தம் 20 மெகாஹெர்ட்ஸ். ஒப்பந்தத்தில் 3600 முதல் 3620 மெகாஹெர்ட்ஸ் வரை என்று எழுதியிருக்கிறது. பணமும் கட்டியாச்சு. ஆனால் எஸ்.ஏ.எஸ். ரேடியோவுக்கு அனுப்பும் அனுமதிப் பதிலில் (கிராண்ட்) சேனல் வகை ஜி.ஏ.ஏ. என்றே வருகிறது. ரேடியோவை மூன்று தடவை மறுபதிவு செய்து பார்த்துவிட்டேன். பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யும் நேரத்தில்தான் லைன் விழுகிறது. என்ன தப்பு?

அலைவரிசை அண்ணாச்சி:
ரேடியோவைத் தொடாதீங்க தம்பி, கோளாறு அதில் இல்லை. பி.ஏ.எல். வேணும் என்று ரேடியோ கேட்க முடியாது, எஸ்.ஏ.எஸ்.தான் முடிவு பண்ணும். ஒப்பந்தப் பத்திரம் உங்க ரெண்டு பேருக்கும் நடுவில் உள்ளது, எஸ்.ஏ.எஸ்.ஸுக்கு அது தெரியாது.

அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 2003இல் கொண்டுவந்த பொதுக் குத்தகை விதிகளில் ரெண்டு வகை உண்டு. அலைவரிசையின் கட்டுப்பாடு லைசென்ஸ்காரர் கையிலேயே இருந்தால் முன்கூட்டி அறிவிப்புக் கொடுத்தால் போதும். கட்டுப்பாடே கைமாறினால் விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்கணும். சி.பி.ஆர்.எஸ்.ஸுக்கு முதல் வகையை இன்னும் எளிதாக்கியிருக்காங்க. ஆனால் அதற்கு ரெண்டு படி இருக்கு. குத்தகைக்கு எடுப்பவர், அதாவது நீங்க, தகுதி உண்டு என்று எஃப்.சி.சி.யிடம் சான்றளித்திருக்கணும். பிறகு லைசென்ஸ்காரர் தன் எஸ்.ஏ.எஸ்.ஸுக்கு உங்க பெயர், பகுதி, காலம் எல்லாம் கொடுத்து அறிவிக்கணும். எஸ்.ஏ.எஸ். உங்க சான்றைச் சரிபார்த்த பிறகுதான் குத்தகை உயிர் பெறும். இதில் எது நடந்தது?

இன்னொன்று: பி.ஏ.எல்.லுக்கு நிலையான அலைவரிசையே கிடையாது. 3550 முதல் 3650 வரை எங்கே கொடுப்பது என்பது எஸ்.ஏ.எஸ். கையில். அந்த 3600–3620 வரியை வக்கீலிடம் சொல்லித் திருத்துங்க, நாளைக்குச் சண்டை வரும்.

டல்லாஸ் ராத்திரி ஷிப்ட்:
அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. லைசென்ஸ்காரரின் சொந்தக் கோபுரம் அந்தப் பக்கம் இருக்கா? அவருடைய கோபுரத்தைச் சுற்றி இடையூறு வராமல் காக்கும் பாதுகாப்பு வட்டத்துக்கு வெளியே உள்ள இடத்தைத்தான் இந்த எளிய முறையில் குத்தகைக்கு விடலாம். வரைபடத்தை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்க. கவுண்டியில் ஒருவர் அதிகபட்சம் நாலு பி.ஏ.எல்., அதாவது 40 மெகாஹெர்ட்ஸ்தான் வைத்துக்கொள்ளலாம், குத்தகையும் அந்தக் கணக்கில் சேரும். உங்களுக்கு 20தான், அதில் பிரச்சினை இல்லை.

சோளக்காட்டுக் கோபுரம்:
கண்டுபிடிச்சாச்சு. லைசென்ஸ்காரர் போன மாதமே அறிவித்துவிட்டார். நாங்கள்தான் சான்றளிக்கவே இல்லை. அது அவர் வேலை என்று எங்கள் ஆபீஸில் நினைத்துவிட்டார்கள். அவருடைய கோபுரங்கள் கவுண்டியின் மறுகோடியில், வட்டம் எங்களைத் தொடவில்லை.

சான்றளித்து நாலு நாள் ஆச்சு. அவர் திரும்ப அறிவித்தார். இன்று காலை எங்கள் கோபுரத்தில் இரண்டு செக்டரில் (ஒவ்வொரு திசையையும் பார்க்கும் ரேடியோ) பி.ஏ.எல். என்று வந்துவிட்டது! மூன்றாவதில் இன்னும் ஜி.ஏ.ஏ.

அலைவரிசை அண்ணாச்சி:
நல்லது தம்பி. அந்த மூன்றாவது செக்டர் எந்த பயனர் ஐ.டி.யில் பதிவாகியிருக்கு?

சோளக்காட்டுக் கோபுரம்:
ரேடியோவை நிறுவியவருடைய ஐ.டி. அண்ணாச்சி. இப்போதே எங்கள் கம்பெனி ஐ.டி.க்கு மாற்றுகிறேன்.

அலைவரிசை அண்ணாச்சி:
மாற்றிவிட்டு ஒரு ராத்திரி பொறுங்க. எஸ்.ஏ.எஸ்.கள் தங்களுக்குள் தகவல் பரிமாறுவது ராத்திரியில்தான்.