‘கிங்’ கின்ஸரைப் பார்த்தவர்கள்

அமெரிக்க மண் தடக் கார்ப் பந்தய வீரர் ஸ்டீவ் கின்ஸரைப் பற்றி மூன்று ரசிகர்கள் சொன்னவை.

வேலை நிமித்தம் ஐயோவா மாநிலத்தின் டெ மொய்ன் நகருக்குக் குடிவந்த புதிதில், அலுவலக நண்பர் ஒருவர் விடாப்பிடியாக நாக்ஸ்வில்லுக்கு அழைத்துப்போனார். சோளக்காடுகளுக்கு நடுவே சிறிய ஊர். ஆகஸ்டில் ‘நேஷனல்ஸ்’ என்னும் பெரிய பந்தயம் நடக்கும் வாரம் மட்டும் கால் வைக்க இடம் இருக்காது. அரை மைல் தடம், கருத்த களிமண். இங்கே ஓடும் சிறிய பந்தயக் காரான ஸ்பிரின்ட் காருக்கு ஸ்டார்ட்டர் கிடையாது. பின்னாலிருந்து ஒரு டிரக் முட்டித் தள்ளித்தான் எஞ்சினை உயிர்ப்பிக்கிறார்கள். எடை நம் ஊர் பழைய மாருதி 800 அளவுதான், சக்தியோ ஏறத்தாழ 900 குதிரைத்திறன். தலைக்கு மேல் ஒரு பெரிய இறக்கை.

ஸ்டீவ் கின்ஸர் 11ஆம் எண் காரில் வந்தார். அப்போதே ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். இளைஞர்கள் எல்லோரும் வெளிவிளிம்பில் குவிந்த மண்மேட்டில் சக்கரத்தைச் சாய்த்துப் பறக்க, இவர் உள்வளைவில் ஈரம் மிச்சமிருந்த பட்டையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தாண்டினார். மண் தடம் இரவு முழுக்க மாறிக்கொண்டே இருக்கும். ஏழு மணிக்குப் பிடித்த வழி பத்து மணிக்கு வழுக்கும். அதைக் கண்ணால் படிப்பதுதான் இந்தத் தொழில். ஹெல்மெட்டின் முன்கண்ணாடியில் மண் அப்பியதும் மேலிருக்கும் மெல்லிய தாளை ஒரு கையால் உரித்து எறிகிறார்கள், மறு கை ஸ்டியரிங்கில். என் மடியில் இருந்த சோளப்பொரியும் மண்ணாகிவிட்டது.

*

நான் படித்தது கின்ஸரின் சொந்த ஊரான புளூமிங்டனில், இந்தியானா மாநிலம். சுண்ணாம்புக்கல் குவாரிகள் நிறைந்த பகுதி. அங்கே கால் மைல் செம்மண் தடம் ஒன்று உண்டு. அவருடைய தந்தை பாப் கின்ஸரும் அதில் ஓட்டியவர். மகன் கிரெய்க் 2005இல் நாக்ஸ்வில் நேஷனல்ஸை வென்றார். மூன்று தலைமுறை. ஆனால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஸ்டீவைவிட அதிகம் பேசுவது கார்ல் கின்ஸரைப் பற்றி. தூரத்து உறவு, பக்கத்து ஊரான ஊலிட்டிக்கில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக். 1978இல் ‘வேர்ல்டு ஆஃப் அவுட்லாஸ்’ என்னும் ஸ்பிரின்ட் கார் பந்தயத் தொடர் தொடங்கிய ஆண்டே பட்டம் வாங்கியது இந்த ஜோடி. ஸ்டீவின் 20 பட்டங்களில் பெரும்பங்கு கார்லின் கைவண்ணம் என்பது என் கட்சி. பிரிந்த பிறகு கார்ல் தன் மகன் மார்க்கை ஏற்றி 1996இலும் 1999இலும் பட்டம் வாங்கிக் காட்டினாரே!

*

மேலே சொன்ன நண்பருடன் பாதிதான் ஒத்துப்போக முடிகிறது. கார்லை விட்டுப் பிரிந்த பிறகும் 1998, 2000, பின்பு 2002 முதல் 2005 வரை தொடர்ந்து நான்கு என ஸ்டீவ் ஆறு பட்டங்கள் எடுத்தார். அதையும் மெக்கானிக் கணக்கில் எழுத முடியுமா?

எனக்கு அவரிடம் பிடித்தது 1995ஆம் ஆண்டுக் கதை. முந்தைய ஆண்டு டல்லடேகா தடத்தில், பல பந்தயப் பிரிவுகளின் வீரர்கள் ஒரே மாதிரி கார்களில் மோதும் ‘ஐராக்’ (IROC) பந்தயத்தை வென்றுவிட்டதால், அமெரிக்காவின் பெரிய கார்ப் பந்தயத் தொடரான நாஸ்காருக்குக் கூப்பிட்டார்கள். கனமான கார், தார் தடம், எல்லாம் புதிது. சில பந்தயங்களோடு முடித்து அனுப்பிவிட்டார்கள். பத்திரிகைகள் அதை வீழ்ச்சி என்றே எழுதின. அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் நாக்ஸ்வில் நேஷனல்ஸை வென்றார்! மொத்தம் 12 முறை வென்றிருக்கிறார், கடைசியாக 2002இல். 1997இல் இண்டியானாபோலிஸ் 500 என்னும் புகழ்பெற்ற 500 மைல் பந்தயத்திலும் ஓட்டி 14ஆம் இடம். தோற்றவர் என்று அவரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதை வெறும் வேடிக்கையாகவும் பார்க்க முடியவில்லை. 2016இல் நேஷனல்ஸ் வென்ற ஜேசன் ஜான்சன், 2018இல் விஸ்கான்சினில் நடந்த விபத்தில் இறந்துபோனார். அவ்வளவு வருடங்கள், வருடத்துக்கு எத்தனையோ இரவுகள் ஓட்டிவிட்டு கின்ஸர் நல்லபடியாக வீடு திரும்பினார் என்பதைத்தான் பட்டங்களைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

ஆகஸ்டில் ஐயோவா பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று: மேல் வரிசையில் டிக்கெட் எடுங்கள், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், வெள்ளைச் சட்டை வேண்டவே வேண்டாம்.