100 வாட் குண்டு பல்பு யாரிடமாவது இருக்கிறதா?

குழு: தோட்டத்து வீட்டுச் சொந்தங்கள்

[காலை 6:42] செல்வராஜ் சித்தப்பா: 100 வாட் குண்டு பல்பு யாரிடமாவது இருக்கிறதா? நேற்று 50 நாட்டுக்கோழிக் குஞ்சு வந்து இறங்கியிருக்கிறது. நாமக்கல்லில் மூன்று கடை ஏறி இறங்கிவிட்டேன். எல்லோரும் எல்.இ.டி.யைத்தான் நீட்டுகிறார்கள்.

[6:43] செல்வராஜ் சித்தப்பா: அதைக் கட்டிவிட்டால் குஞ்சுகள் நல்ல வெளிச்சத்தில் விறைத்துச் சாகும்.

[6:50] மல்லிகா அத்தை: முதல் வாரம் சூடு குறையக் கூடாதே தம்பி. கூடையைச் சாக்குப் போட்டு மூடு.

[6:52] செல்வராஜ் சித்தப்பா: மூடித்தான் வைத்திருக்கிறேன் அக்கா. எல்லாம் ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. பூமியைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள் கோழிக்குஞ்சை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

[7:05] கவின்: சித்தப்பா, கடைக்காரரை யாரும் தடுக்கவில்லை. கேட்க ஆளில்லாததால் அவர் வாங்கி வைப்பதில்லை. 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை எல்.இ.டி. 9 வாட்டில் தருகிறது. நான்கு விளக்கு, தினம் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 61 யூனிட் மிச்சம்.

[7:08] செல்வராஜ் சித்தப்பா: போன வருடம் வீடு முழுக்க மாற்றினேன். பில் ஏன் ஏறியது?

[7:08] மல்லிகா அத்தை: சித்திரையில் ஏ.சி. மாட்டினாயே, அதையும் சொல்.

[7:09] செல்வராஜ் சித்தப்பா: அது வேறு கணக்கு அக்கா.

[7:09] கவின்: மீட்டர் ஒன்றுதானே சித்தப்பா?

[7:21] செல்வராஜ் சித்தப்பா: சரி, ஏ.சி.யை விடு. முன்பு இப்படித்தான் சி.எஃப்.எல். என்ற குழல் பல்பை வாங்குங்கள், பூமி பிழைக்கும் என்றார்கள். வாங்கினேன். வாங்கி முடித்த பிறகு, அதற்குள் பாதரசம் இருக்கிறது, உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போங்கள் என்றார்கள். செத்துப்போன 11 சி.எஃப்.எல். இன்னும் மாட்டுக் கொட்டகைப் பரணில் அரிசிப் பையில் கிடக்கின்றன. குப்பை வண்டியில் போட்டால் மற்றதோடு சேர்த்து நசுக்கிவிடுவார்கள். எங்கே கொடுப்பது என்று நான் கேட்காத ஆள் இல்லை. விற்கிற அன்று வந்தவர்கள், திருப்பி வாங்குகிற அன்று வருவதில்லை.

[7:40] முருகேசன் மாமா: மாப்பிள்ளை சொல்வதில் பாதி சரி. நேற்றுத் திண்ணை எல்.இ.டி. பல்பைப் பிரித்துப் பார்த்தேன். வெள்ளைத் தகட்டில் வரிசையாகச் சிப்புகள். ஒன்றில் மட்டும் குண்டூசி முனையளவு கரும்புள்ளி. பூ மாதிரி ஒரே சரத்தில் கோத்திருப்பதால் ஒன்று போனால் எல்லாம் இருட்டு. அட்டைப் பெட்டியில் 25,000 மணி நேரம் என்று அச்சடித்திருக்கிறது. இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. அந்த ஒரு புள்ளிக்காக மொத்தப் பல்பும் குப்பைக்குப் போகிறது.

[7:43] முருகேசன் மாமா: இன்னொரு பாதியையும் கேள். 2014 தொடக்கத்தில் மத்திய அரசு நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்த எல்.இ.டி. பல்பு ஒன்று 310 ரூபாய். 2016-இல் அதே கொள்முதல் 38 ரூபாய்க்கு இறங்கியது. இடையில் 2015 ஜனவரியில் வந்ததுதான் வீடுகளுக்கு மலிவாக எல்.இ.டி. பல்பு கொடுத்த உஜாலா திட்டம். யாரையும் மிரட்டவில்லை. விலை விழுந்தது, ஜனங்கள் வாங்கினார்கள். நான் வயரிங் வேலையில் இருந்த காலத்தில் இப்படி ஒரு விலைச் சரிவைப் பார்த்ததில்லை.

[7:44] செல்வராஜ் சித்தப்பா: அதை நான் மறுக்கவில்லை மாமா. பரணில் கிடக்கும் பைக்கு யார் பொறுப்பு என்றுதான் கேட்கிறேன்.

[7:46] முருகேசன் மாமா: அதற்கு என்னிடமும் பதில் இல்லை.

[11:15] நித்யா ஜெர்மனி: இப்போதுதான் எழுந்தேன். செல்வராஜ் மாமா, உங்களுக்கு ஜெர்மனியில் ஒரு கூட்டாளி இருந்தார். ஐரோப்பிய ஒன்றியம் 2009 செப்டம்பரில் 100 வாட் குண்டு பல்பிலிருந்து தடையை ஆரம்பித்தது. 2010-இல் இங்கே ஒரு பொறியாளர் அதே பல்பை ‘ஹீட்பால்’ என்று பெயர் மாற்றி, இது விளக்கே இல்லை, சின்ன ஹீட்டர் என்று சொல்லி விற்றார். உள்ளே போகும் மின்சாரத்தில் சுமார் 95 சதவீதம் சூடாகத்தானே வருகிறது என்பது அவர் வாதம்.

[11:17] செல்வராஜ் சித்தப்பா: அதைத்தானே காலையிலிருந்து சொல்கிறேன்! நமக்கும் ஹீட்டர்தான் வேண்டும். விற்றாரா?

[11:18] நித்யா ஜெர்மனி: முதல் சரக்கு சீக்கிரமே தீர்ந்தது. அடுத்ததைச் சுங்கத்தில் பிடித்துக்கொண்டார்கள். நீதிமன்றமும் அவர் பக்கம் நிற்கவில்லை.

[11:19] செல்வராஜ் சித்தப்பா: அவருக்குக் கோழி வளர்க்கத் தெரிந்திருந்தால் ஜெயித்திருப்பார்.

[11:30] மல்லிகா அத்தை: தம்பி, நம் வீட்டுப் பரணில் நாலு கிடைத்தது. பழைய தினசரியில் சுற்றி வைத்திருந்தேன். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். இரண்டில் கிணுகிணு என்று கேட்கிறது, இழை அறுந்துவிட்டது. இரண்டு தேறும். ஒன்று 100, ஒன்று 60.

[11:31] செல்வராஜ் சித்தப்பா: குஞ்சுக்கு இரண்டு வாட் கணக்கு. 50 குஞ்சுக்கு அந்த 100 போதும் அக்கா. 60-ஐ மாற்றுக்கு வைத்துக்கொள்கிறேன்.

[11:32] மல்லிகா அத்தை: மாமா 12 மணி பஸ்ஸில் கொண்டுவருகிறார். பல்பை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

[11:33] முருகேசன் மாமா: வரும்போது அந்த அரிசிப் பையை என் தலையில் கட்டிவிடாதே மாப்பிள்ளை.