கல்யாணப் படங்கள்: ஃபேஸ்புக்கா, ஃப்ளிக்கரா?

கேள்வி: தங்கை கல்யாணப் படங்கள் ஐந்நூறுக்கு மேல் இருக்கின்றன. சொந்தக்காரர்கள் ஃபேஸ்புக்கில் போடு என்கிறார்கள், ஆனால் அங்கே ஏற்றினால் புடவை ஜரிகையெல்லாம் மங்கிப் பிசிறடிக்கிறது. படம் ஏற்றிப் பகிரும் தளமான ஃப்ளிக்கர் சரிவருமா?

மலைக்காகம்: ஃபேஸ்புக் படத்தைச் சுருக்கித்தான் வைக்கும். ஃப்ளிக்கர் இலவசக் கணக்கில் 1000 படம் வரை ஏற்றலாம்.

வடைச்சட்டி: அதில் 50 மட்டும்தான் பொதுவில் காட்டாமல் வைக்கலாம், மிச்சத்தை ஊரே பார்க்கும், பரவாயில்லையா? கூகுள் போட்டோஸில் ‘ஒரிஜினல்’ தரத்தில் ஏற்றி ஆல்பம் லிங்க் அனுப்புங்கள். இலவச இடம் 15 ஜிபி, உங்கள் ஜிமெயில் மெயில்களும் அதற்குள்தான்.

தெற்குத்தெரு: பெரியம்மாக்களுக்கு லிங்க்கெல்லாம் ஆகாதுங்க. நல்லதாகப் பத்துப் படம் ஃபேஸ்புக்கில், ‘நண்பர்கள் மட்டும்’ என்று வைத்துப் போடுங்கள். அப்புறம், பிள்ளைகள் முகம் தெரிந்தால் அவர்கள் அப்பா அம்மாவைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.