முந்திரி அலர்ஜி: தோல் டெஸ்ட்டும் ரத்த டெஸ்ட்டும் ஒத்துப்போகல

வணக்கம், சிங்கப்பூர் செங்காங்ல இருக்கோம், மகனுக்கு நாலு வயசு. போன தீபாவளிக்கு முந்திரி போட்ட பாயாசம் ரெண்டு வாய் குடிச்சதும் கொஞ்ச நேரத்துல உதடு வீங்கி கழுத்தெல்லாம் தடிப்பு தடிப்பா வந்துருச்சு, மூச்சுத்திணறல் வாந்தி எதுவும் இல்ல. அதுலேர்ந்து முந்திரி, பிஸ்தா ரெண்டையும் நிறுத்தியாச்சு (பிஸ்தாவும் அதே குடும்பம்).

பாலிகிளினிக் லெட்டர் வாங்கிட்டு ஸ்பெஷலிஸ்ட்ட போனோம். அலர்ஜி மருந்த முன்னாடியே நிறுத்தச் சொல்லி தோல்ல குத்திப் பாத்தாங்க, 5 மி.மீ. தடிச்சுது, 3 வந்தாலே பாசிட்டிவ். ஆனா ரத்தத்துல முந்திரிக்கான ஐஜிஇ (அலர்ஜிக்கு காரணமான எதிர்ப்பொருள்) 0.4 தான், 0.35 தாண்டினா பாசிட்டிவ்னு கணக்கு, ஓரத்துலயே நிக்குது. ஆஸ்பத்திரியில வச்சு கொஞ்சம் கொஞ்சமா முந்திரி சாப்பிட கொடுத்துப் பாத்தாதான் உறுதியா தெரியும்ங்கிறார் டாக்டர், நியாயம்தான், ஆனா அந்த வீக்கத்த பாத்த எங்களுக்கு திரும்ப கொடுக்க மனசு வரல. சொந்தக்காரங்க சொன்ன ஐஜிஜி டெஸ்ட் (வேற வகை எதிர்ப்பொருள பாக்குறது) வேணாம்னு விட்டுட்டோம், அது அலர்ஜிய காட்டாது.

முந்திரி புரதம் அனா ஓ 3-க்கு தனி ரத்த டெஸ்ட் இருக்கு, இங்க பிள்ளைக்கு அத முதல்ல எடுத்தவங்க யாராச்சும் இருந்தா, முடிவெடுக்க அது உதவுச்சா?